இலவங்கொட்டை எண்ணெயும் மில்லிமீட்டர் குழாயும்

வருசநாடு, கடமலைக்குண்டு பக்கம் இலவமரத்தின் பெருமையெல்லாம் பஞ்சுக்குத்தான். மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு போன பிறகு மிஞ்சும் கொட்டையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்; அதில் லினோலிக் அமிலம் கணிசம். இதை ஆக்சிஜனேற்றி எப்பாக்சைடாக்கினால், பிவிசியை வளையச் செய்யும் பொருளாக விற்கலாம். சோயா எண்ணெயில் உலகெங்கும் நடப்பதுதான்.

சிக்கல் வெப்பத்தில். ஒரு மோல் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனை ஏற்கும்போது சுமார் 230 கிலோஜூல் வெளிப்படுகிறது. பெரிய தொட்டியில் ஹைட்ரஜன் பெராக்சைடை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அவசரப்பட்டால் உலை கைமீறிவிடும். தொடர் ஓட்ட உலை ஜெயிப்பது இங்கேதான். ஒரு மில்லிமீட்டர் குழாயில் எண்ணெய், பெராக்சைடு, பார்மிக் அமிலம் மூன்றும் சேர்ந்து ஓடும்போது வெப்பம் உடனுக்குடன் சுவர்வழி வெளியேறும். எந்த நொடியிலும் உள்ளே இருப்பது சிறிதளவே என்பதால் விபத்து நேர்ந்தாலும் சேதம் குறைவு. மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடியும். இந்த மெச்சுதலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொடர் ஓட்டமே புதுமை என்பது மிகை: ஒலீயிக் அமிலத்தை ஓசோனால் பிளந்து அசெலாயிக் அமிலம் எடுக்கும் வேலையை அமெரிக்காவின் எமரி நிறுவனம் 1950களிலேயே தொழில் அளவில், தொடர் ஓட்டமாகவே தொடங்கிவிட்டது.

இலவ எண்ணெய் சோயாவைப் போல அடக்கமானதும் அல்ல. அதிலுள்ள மால்வாலிக், ஸ்டெர்குலிக் அமிலங்களில் மூன்று கார்பன் வளையம் உண்டு. அமிலம் பட்டால் வளையம் உடைந்து பிசினாகும் இயல்புடையது. தொட்டியில் என்றால் சுரண்டி எடுக்கலாம். மெல்லிய குழாயில் அதுவே அடைப்பு. ஆகவே எண்ணெயை முன்கூட்டியே நன்கு சுத்திகரிக்க வேண்டும். உலையில் மிச்சமான காசு அங்கே போய்விடும்.

இதைவிடப் பெரிய குறை விளம்பரப் படங்களில் தெரியாது. உலை மேசையளவு சுருங்கினாலும், எப்பாக்சைடிலிருந்து அமிலத்தைக் கழுவும் தண்ணீர் அந்த அளவுக்குச் சுருங்காது. வைகை பிறப்பதே வருசநாட்டு மலைகளில். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் தண்ணீரை மதுரை குடிக்கிறது. மலைக்காடுகளோ 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். "சின்ன உலை, ஆகவே ஊருக்குள்ளேயே வைக்கலாம்" என்ற வாதம் உலையை மட்டும் பார்க்கிறது, சாக்கடையைப் பார்ப்பதில்லை.

செக்கும் சுத்திகரிப்பும் கடமலைக்குண்டில் இருக்கட்டும். கொட்டைக்கு நியாயமான விலை விவசாயிக்கு அங்கேயே கிடைக்கும். ஆக்சிஜனேற்றம் மட்டும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதியுள்ள தொழிற்பேட்டைக்குப் போகட்டும். மலையடிவாரத்தில் அதற்கு அனுமதி கேட்டு யாராவது வந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுக்க வேண்டும்.