பால் மயக்கமும் விளிச்சொல்லும்: விக்டோரியா காலத் துப்பறியும் புதினத்தைத் தமிழாக்குதல்

விக்டோரியா அரசியாரின் ஆட்சிக்காலத்தை (1837–1901) களமாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பெற்ற துப்பறியும் புதினங்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. பீட்டர் லவ்சியின் 'வாபிள் டு டெத்' (1970), ஆன் பெரியின் 'தி கேட்டர் ஸ்ட்ரீட் ஹேங்மன்' (1979), 'தி ஃபேஸ் ஆஃப் எ ஸ்ட்ரேஞ்சர்' (1990) ஆகியன பலரும் அறிந்தவை. இவற்றை வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' (1868) போன்றவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசுவோர் உளர். மொழிநிலையில் நோக்குமிடத்து இது பொருந்துவதன்று. காலின்ஸ் தம் காலத்தைத் தம் காலத்தவர்க்கு எழுதினார். அவர் படைத்த முதிய பணியாளர் பெட்டரெட்ஜ் தம் எசமானியின் மகளை 'மிஸ் ரேச்சல்' என்று குறிப்பிடுகிறார்; ஏன் அவ்வாறு குறிப்பிடுகிறார் என்று விளக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பெரியோ நூறாண்டு கழித்து, வழக்கொழிந்த ஒரு மரியாதை ஒழுங்கை மீண்டும் கட்டியெழுப்புகிறார். ஆகவே அவருடைய கதைமாந்தர் தாம் இருவரும் நன்கறிந்த ஒன்றையே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதைச் சில இடங்களில் காண்கிறோம். இது கலைநிலையில் ஒரு குறையே. எனினும் விளிச்சொல் ஒவ்வொன்றும் எண்ணித் தேர்ந்து இடப்பட்டது என்பதற்கு இக்குறையே சான்றாகவும் அமைகிறது.

இக்கட்டுரை பெரியின் முதற்புதினத்தைச் சான்றாகக் கொண்டு, ஆங்கிலம் மறைத்து வைக்கும் செய்திகளுள் எவற்றைத் தமிழின் இலக்கண அமைப்பு வெளியிட வற்புறுத்துகிறது என்பதை ஆராய்கிறது. கதையின் முடிவைச் சொல்லாமல் இவ்வாய்வைச் செய்ய இயலாது. நூலை இனிமேல்தான் படிக்க எண்ணியிருப்போர் பொறுத்தருள்க.

கதை 1881ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்கிறது. கேட்டர் தெருப் பகுதியில் இளம்பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கழுத்து இறுக்கிக் கொல்லப்படுகின்றனர். உயர்குடியின் வாயிலில் நிற்கும் வசதிமிக்க எல்லிசன் குடும்பத்தின் பணிப்பெண் ஒருத்தியும் அவ்வாறே இறக்கிறாள். புலனாய்வுக்கு வருபவர் காவல் ஆய்வாளர் தாமஸ் பிட். குடும்பத்தின் நடு மகள் சார்லட் அவரை முதலில் வெறுத்துப் பின்னர் விரும்புகிறாள். இளையவள் எமிலி பிரபு ஒருவரை மணந்து அடுத்துவரும் நூல்களில் உயர்குடியினுள் நுழைகிறாள்.

விளிச்சொல்லும் தகுதியும்

எல்லிசன் குடும்பத்தின் மூத்த மகள் சாரா மணமானவள். ஆதலின் குடும்பப்பெயரோடு மட்டும் வரும் 'மிஸ் எல்லிசன்' என்னும் விளி, மணமாகாதவருள் மூத்தவளான சார்லட்டுக்கு உரியதாகிறது. அடுத்தவள் 'மிஸ் எமிலி' ஆகிறாள். தலைமைப் பணியாளர் குடும்பத்தாருக்கு வெறும் 'மேடக்'. அவர்க்குக் கீழ்ப்பட்ட பணியாளர்க்கு 'மிஸ்டர் மேடக்'. இத்தகைய இல்லங்களில் சமையற்பொறுப்புடைய பெண் மணமாகாதவளாயினும் 'மிஸஸ்' என்றே அழைக்கப்பெற்றாள். அதனைத் 'திருமதி' என்று பெயர்த்தால், துப்பறியும் கதை படிக்கும் பழக்கமுடைய வாசகர் அவளுடைய கணவனைத் தேடத் தொடங்கிவிடுவார். 'பாரகன் வாக்' (1981) நூலில் தோன்றும் முதிய பெருமாட்டி 'லேடி வெஸ்பேசியா' எனப்படுகிறார். 'லேடி' என்பதன்பின் இயற்பெயர் வந்தால் தகுதி தந்தை வழியது. 'லேடி ஆஷ்வொர்த்' என்பது போலக் கணவருக்குரிய பெயர் வந்தால் தகுதி கணவர் வழியது. 'சீமாட்டி' என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. யாருடைய செல்வம் யாரிடமிருந்து வந்தது என்பது கொலைக்குக் காரணமாகக்கூடிய கதைகளில் இது சிறு இழப்பன்று. 'லேடி' என்பதையே தமிழெழுத்தில் தந்து, முதல் வருகையில் ஒரு தொடரால் உறவைத் தெளிவாக்கிவிடுவதே நேரிய வழி.

'துரை', 'துரைசானி' ஆகியன இவ்விடத்தில் எளிதில் கைக்கு வருவன. ஆயினும் இச்சொற்களில் படிந்துள்ள பொருள் இந்தியாவில் ஆங்கிலேயனை ஆளப்பட்டவன் நோக்கிய நோக்கிலிருந்து பிறந்தது. இலண்டனில் ஓர் ஆங்கிலப் பணிப்பெண் தன் எசமானனைத் 'துரை' என்றால், அவள் வாயில் நம் வரலாறு புகுந்துவிடுகிறது. முந்தைய தலைமுறைத் தழுவலாசிரியர்க்கு இச்சிக்கல் எழவில்லை. ரெனால்ட்ஸின் 'லைலா' மறைமலையடிகளின் கையில் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' (1911) ஆனபோது, பெயரும் இடமும் மாறியதோடு மரியாதை ஒழுங்கும் உடன் மாறியது. நேர்மொழிபெயர்ப்பில் அவ்வழி இல்லை.

விளியோடு தொடர்புடையது முன்னிலை இடப்பெயர். பிரவுன், கில்மன் இருவரும் 1960இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் அதிகார உறவும் ஒருமைப்பாட்டு உறவும் இடப்பெயரில் வெளிப்படும் முறை மொழியியலார்க்குப் பழகிய செய்தி. அக்கால ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை இடப்பெயர் காட்டுவதில்லை; விளிச்சொல்லே காட்டுகிறது. தமிழில் இரண்டும் காட்டும். 'மிஸ் எல்லிசன்' என்பது 'சார்லட்' என மாறும் இடம் மூலத்தில் தெளிவாக உண்டு. ஆனால் 'நீங்கள்' எப்போது 'நீ' ஆவது? மாறத்தான் வேண்டுமா? மாறினால் இருபுறமுமா, பிட்டின் பக்கம் மட்டுமா? இதனை மூலம் சொல்வதில்லை. பிட்டின் பக்கம் மட்டும் 'நீ' என்று மாற்றுவது நம் குடும்ப வழக்கை ஒட்டியதாயினும், தன் வகுப்பைத் துறந்து காவலரை மணக்கும் பெண்ணைக் கணவனுக்குக் கீழ்ப்பட்டவளாக மாற்றிவிடுகிறது. மூலத்தில் அவள் அத்தகையவள் அல்லள். இருவரும் இறுதிவரை 'நீங்கள்' என்றே பேசுவதையே நான் ஏற்பேன்.

எல்லிசன் குடும்பத்தார் தொடக்கத்தில் பிட்டிடம் பேசும் பேச்சுக்கு 'நீங்கள்' மிகை, 'நீ' குறை. இலண்டன் காவல்துறையில் துப்பறியும் பிரிவு 1842இல் தொடங்கப்பெற்றதாயினும், வரவேற்பறைக்குள் நின்று வினாவும் காவலர் அக்குடியினர்க்கு ஏறத்தாழ ஒரு கடைக்காரரே. இத்தகைய இடைநிலைக்குத் தமிழில் 'நீர்' உண்டு. நெல்லை வழக்கிலும் பழைய உரைநடையிலும் நிற்கும் இவ்வடிவத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் இவ்வளவு எளிதில் கைவிட்டனர் என்பது வியப்புக்குரியது.

பிட்டின் பேச்சு வேறொரு சிக்கலைத் தருகிறது. பண்ணையொன்றின் வேட்டைக்காவலர் மகனாகப் பிறந்து, பண்ணையுடையார் மகனோடு உடன் கற்றவர் அவர். உடை கலைந்திருக்கும், ஒலிப்போ உயர்குடியினரது. கேட்போர் தடுமாறுவது இம்முரணால்தான். 'தி ஃபேஸ் ஆஃப் எ ஸ்ட்ரேஞ்சர்' நூலின் மங்க் தம் நார்தம்பர்லாந்து ஒலிப்பைத் தாமே முயன்று களைந்தவர். அடித்தட்டு இலண்டன் பேச்சுக்கு ஈடாகச் சென்னைச் சேரிப் பேச்சைத் தருவது சிலர் கையாளும் முறை. அப்பேச்சு ஓர் ஊரையும் சாதிநிலையையும் உடன்கொண்டு வரும் என்பதால் அது எனக்கு உடன்பாடன்று. பிறரைச் சற்றே தளர்ந்த பேச்சுநடையிலும் பிட்டைத் திருத்தமான நடையிலும் பேசவைத்தால் முரண் தானே புலப்படும்.

இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. உயர்குடிப் பெண்டிர் ஒருவர் இல்லத்துக்கு ஒருவர் சென்று காணும் 'மார்னிங் கால்' என்பது பெயரளவில் காலை, நடந்தது பிற்பகலில். இதனைக் 'காலை வருகை' என்று பெயர்த்தவர், கொலை நேரத்தில் ஒருவர் எங்கிருந்தார் என்னும் கணக்கையே குலைத்தவராவார்.

பால் காட்டும் விகுதி

இனி முதன்மையான சிக்கலுக்கு வருவோம். கொலைகளைச் செய்தது பாதிரியாரின் மனைவி. ஆனால் தெருவினர் கொலையாளிக்கு இட்ட பெயர் 'ஹேங்மன்', அதாவது தூக்கிலிடுபவன். இறப்பவர் பெண்கள் ஆதலின் கொல்வது ஆணே என்று யாவரும் கொள்கின்றனர். இதன் விளைவாக எல்லிசன் வீட்டுப் பெண்கள் தம் தந்தையை, கணவனை, மைத்துனனை ஐயுறும் நிலை வருகிறது. புதினத்தின் உயிர் இந்த ஐயத்தில்தான் உள்ளது. கொலையாளியைக் கண்டறிவதில் அன்று.

ஆங்கில வினைமுற்று பால் காட்டாது. இடப்பெயரைத் தவிர்த்தால் பாலும் தவிர்க்கப்படும். தமிழில் எழுவாயை விடுத்தாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'கொன்றான்' என்று ஆசிரியர் கூற்றாக எழுதினால் மொழிபெயர்ப்பாளர் வாசகரிடம் பொய் சொன்னவராகிறார். 'கொன்றார்' என்றால் கொலையாளிக்கு மரியாதை வந்து சேர்கிறது. 'கொன்றாள்' என்றால் கதையே இல்லை.

தமிழ் இலக்கணம் இந்நிலையை எண்ணிப்பாராமல் இல்லை. உயர்திணை என்பது தெளிந்து, ஆணோ பெண்ணோ என்னும் ஐயம் தோன்றுமிடத்துப் பன்மையாற் கூறுக எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் விதிக்கிறது. திணையே ஐயமாயின் 'உரு' என்று சொல்லுதலும் ஆகும் என்பது அதனை அடுத்து வரும் விதி. தொலைவில் மங்கலாகத் தோன்றும் ஒன்றைக் கண்டவன் அதனை எவ்வாறு சொல்வது என்பதே இவற்றின் சூழல். துப்பறிவோனின் சூழலும் இதுவேயன்றோ? நம் மாத நாவல்களில் சுவரோரம் நகரும் கொலையாளி 'அந்த உருவம்' என்று அஃறிணை வினையோடு வருவதைப் பார்த்து நகைத்திருக்கிறோம். அவ்வழக்கு அறியாமலே அவ்விதியை ஒட்டிச் செல்கிறது. உயர்திணை என்று தெளிந்த பின்னும் 'உருவம்' என்பதால் ஒரு படி கடந்தும் செல்கிறது.

இன்றைய தமிழில் இதற்கு மூன்று வாயில்கள் உள்ளன. 'செய்தது யார்' என்னும் பிளவுத்தொடரில் வினை அஃறிணை ஒருமை வடிவம் பெறுவதால் பால் வெளிப்படுவதில்லை. செயப்பாட்டுவினை இறந்தவரின் பாலை மட்டுமே காட்டும். மூன்றாவதாகிய 'யாரோ கொன்றிருக்கிறார்கள்' என்னும் அமைப்புத் தனிக்கவனம் பெறத்தக்கது. இங்கு '-ஆர்கள்' பலரைக் குறிப்பதன்று, மரியாதையும் அன்று. அறியப்படாமையைக் குறிப்பது. 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று வீட்டில் நாள்தோறும் சொல்கிறோம். வந்திருப்பவர் ஒருவராகவும் இருக்கலாம், சிறுவனாகவும் இருக்கலாம். தொல்காப்பியம் சொன்ன ஐயப் பன்மை பேச்சில் இன்றும் நிற்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டா.

ஆயினும் இவ்வடிவங்களை நூல் முழுதும் பரப்புதல் கேடாகும். காவலரும் தெருவினரும் வீட்டாரும் ஒருமுறையேனும் 'அவன்' என்று சொல்லாமல் தவிர்த்தால், கூர்ந்த வாசகர் அத்தவிர்ப்பையே துப்பாகக் கொள்வார், பொதுவடிவமே குறிவடிவமாகிவிடும். எனவே கூற்று யாருடையது என்று பிரித்து நோக்க வேண்டும். மாந்தர் கூற்றில் 'அவன்', '-ஆன்' ஆகியன தடையின்றி வரலாம். அவர்கள் அவ்வாறே நம்புகின்றனர், அந்நம்பிக்கையே அவர்களின் பிழை. ஒரு மாந்தரின் உள்ளத்துள் நின்று ஆசிரியர் பேசும் இடங்களிலும் அவ்வாறே. அதற்கு வெளியே நின்று பேசும் ஆசிரியர் கூற்றில் மட்டும் பிளவுத்தொடரும் செயப்பாட்டுவினையும் வருக. மூலத்தில் ஆசிரியர் 'ஹி' என்று எழுதிய தொடர் ஒவ்வொன்றையும், அது எவர் கண்வழிப் பார்த்த தொடர் என்று கேட்ட பின்னரே பெயர்க்க வேண்டும்.

தலைப்பும் இவ்வாறே முடிவு செய்யத்தக்கது. 'தூக்கிலிடுவோர்' என்னும் பலர்பால் வடிவம் கவனமுடையதாகத் தோன்றினும் தவறு. அப்பெயர் ஆசிரியர் இட்டதன்று, தெரு இட்டது. 'கேட்டர் தெருத் தூக்குக்காரன்' என்று ஆண்பால் விகுதியோடு நிற்பதே தக்கது. உண்மை வெளிப்படும் இயலில், கொலைத்தொழிலைச் சுட்டும் வினைமுற்று முதன்முறையாக '-ஆள்' என முடியும். அத்தொடருக்கு முன் கொலையாளியின் வினை எதனையும் அவ்விகுதியால் முடிக்காது காத்திருப்பாராயின், மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் அடைமொழியோ வியப்புக்குறியோ சேர்க்க வேண்டியதில்லை.