முதலில் அசையும் கை: அமெரிக்க மேற்குத் திரைப்படங்களில் துப்பாக்கி வேகமும் அறமும்

முன்னுரை

உறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவி, எதிரி சுடுமுன் சுட்டு வீழ்த்தும் மனிதன் இருபதாம் நூற்றாண்டின் வெகுசனக் கலை படைத்த வலிய படிமங்களுள் ஒருவன். தமிழ் வாசகர்க்கும் அவன் அந்நியன் அல்லன். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வெளியீடுகளில் லக்கி லுக், டெக்ஸ் வில்லர் முதலிய நாயகர் தமிழ் பேசினர். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972) போன்ற படங்கள் அவனைத் தமிழ்த் திரைக்கும் கொண்டுவந்தன. எனினும், அவனது கவர்ச்சி எதில் உள்ளது என்னும் வினாவை நம் திறனாய்வு பெரிதும் எழுப்பியதில்லை. வன்முறை என்று ஒதுக்குவதும் பொழுதுபோக்கு என்று கடந்துவிடுவதும் எளிது. இக்கதைகளில் வேகம் உடல்திறனாக மட்டும் நிற்கவில்லை. கொலையைக் குற்றமற்றதாக்கும் கருவியாகவும் செயற்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திறனின் இயல்பு

முதலில் அத்திறனுக்கு உரிய மதிப்பை அளித்தல் வேண்டும். அமெரிக்கரான எட் மக்கிவர்ன் 1932இல் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பதினைந்து அடித் தொலைவிலிருந்து ஐந்து குண்டுகளை 0.45 வினாடியில் சுட்டார். ஐந்து துளைகளும் ஒரு நாணயத்தால் மூடக்கூடிய பரப்பினுள் அடங்கின. 1938இல் அவர் வெளியிட்ட நூலைப் படிப்போர்க்கு அதில் மாயம் ஏதும் புலப்படாது. விரல் விசையை இழுக்கும் முறை, விசை மீளும் கணம், மின்கருவியால் காலத்தை அளத்தல் என அனைத்தும் பொறுமையான பயிற்சியின் விவரங்கள். மெதுவாகப் பலமுறை செய்து, தேவையற்ற அசைவுகளை ஒவ்வொன்றாக நீக்கியபின் எஞ்சுவதே வேகம். இசைக்கலைஞரின் விரற்பயிற்சியை அறிந்தோர்க்கு இது விளங்கும்.

இன்றைய விளையாட்டுகளிலும் இத்திறன் வாழ்கிறது. ஒலிம்பிக் போட்டியின் 25 மீட்டர் விரைவுச் சூட்டுப் பிரிவில் ஐந்து இலக்குகளை நான்கு வினாடிக்குள் சுடவேண்டிய சுற்று உண்டு. அங்கு எதிரில் மனிதர் இல்லை. ஆதலால் அழகு மட்டுமே எஞ்சுகிறது. கதைகளிலோ எதிரில் ஒருவன் நிற்கிறான்.

இரண்டாவது கையின் நியாயம்

மேற்குத் திரைப்படத்தின் நாயகனுக்கு இரு நிபந்தனைகள் உண்டு. அவன் முதலில் துப்பாக்கியைத் தொடலாகாது. ஆயினும் அவனே வெல்ல வேண்டும். ஒன்று அறத்தின் கட்டளை, மற்றொன்று கதையின் கட்டளை. இவ்விரண்டையும் இணைக்கக்கூடியது வேகம் ஒன்றே. எதிரியின் கை முதலில் அசைந்தால் கொலை தற்காப்பாகிவிடும். பார்வையாளர் மனச்சான்று உறுத்தாமல் கைதட்டலாம்.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'ஷேன்' (1953) இந்த ஏற்பாட்டின் ஆபத்தை உணர்ந்த படம். கூலிக்குக் கொல்லும் வில்சன், டோரி என்னும் எளிய குடியானவனைச் சேற்று வீதியில் எதிர்கொள்கிறான். நிதானமாகக் கையுறை அணிந்து, அவனைச் சீண்டி, அவன் வாயிலிருந்து வசவை வரவழைக்கிறான். டோரி துப்பாக்கியைத் தொட்டதும் வில்சனின் துப்பாக்கி அவனை நோக்கி நிற்கிறது. ஒரு கணம் இருவரும் அசைவதில்லை. டோரி தோற்றுவிட்டான் என்பது அக்கணத்தில் இருவருக்கும் தெரியும். அதன்பின்னரே வில்சன் சுடுகிறான். நாயகனுக்குரிய விதியை வில்லன் ஒரு பிசகும் இல்லாமல் கடைப்பிடித்துள்ளான்! எதிரியை முதலில் அசையச் செய்ய வல்லவனுக்கு அவ்விதி கொலைக்கான உரிமமாகிவிடுகிறது.

இறுதிக் காட்சியில், டோரி சொல்லி உயிரிழந்த வசவையே ஷேன் வில்சனிடம் திரும்பச் சொல்கிறான். வில்சனும் அன்று அளித்த மறுமொழியையே அளிக்கிறான். சொற்கள் ஒன்று, செயல்முறை ஒன்று. இருவரையும் வேறுபடுத்தும் அறம் துப்பாக்கியின் வேகத்தில் இல்லை என்பதைப் படம் இவ்வாறு ஒப்புக்கொள்கிறது. ஆயினும் கதவடியிலிருந்து சிறுவன் ஜோயி வியப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கண்களே நம் கண்கள். படம் கண்டிப்பதும் அதுவே, நமக்கு வழங்குவதும் அதுவே.

ஹென்றி கிங்கின் 'தி கன்ஃபைட்டர்' (1950) மேலும் ஓரடி செல்கிறது. வேகத்தின் புகழே நாயகன் ரிங்கோவை வேட்டைப்பொருளாக்கி, ஒவ்வோர் ஊரிலும் ஓர் இளைஞனை அவன்மேல் ஏவுகிறது. இறுதியில் ஒருவன் மறைந்திருந்து அவனைச் சுடுகிறான். மரணத் தறுவாயில் ரிங்கோ, தானே முதலில் துப்பாக்கியை எடுத்ததாகப் பொய் சொல்கிறான். தன்னைக் கொன்றவன் தூக்குமரத்திலிருந்து தப்பி, தன்னைப்போலவே வேட்டையாடப்பட்டு வாழவேண்டும் என்பதே அவன் விருப்பம். முதலில் அசைந்தது யார் என்னும் வினாவே ஒரு புனைவு என்பதை இப்பொய் வெளிப்படுத்துகிறது.

ஆய்வுக்கூடத்தின் விடை

இயற்பியலறிஞர் நீல்ஸ் போர் இவ்வகைப் படங்களின் இரசிகர். இரண்டாவதாக உருவுபவன் சிந்திக்காமல் எதிர்வினையாற்றுவதால் வெல்கிறான் எனக் கருதிய அவர், பொம்மைத் துப்பாக்கிகளால் அதனைச் சோதித்து வென்றதாக ஜார்ஜ் காமவ் எழுதியுள்ளார். 2010இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வெல்ச்மன் குழுவினர் இதனை முறையாக ஆராய்ந்தனர். எதிர்வினை அசைவு ஏறத்தாழ 21 மில்லிவினாடி விரைவானது என்பது உண்மையாயிற்று. ஆனால், எதிரியின் அசைவைக் கண்டு தொடங்குவதற்கே ஏறத்தாழ 200 மில்லிவினாடி கழிந்துவிடுகிறது. சமமான திறனுடையோரிடையே காத்திருப்பவன் இறப்பான். கதை வழங்கும் நீதியை உடல் வழங்குவதில்லை.

அம்புக்கு முன் அவகாசம்

இங்குப் புறநானூற்றின் ஒன்பதாம் பாடலை நினைத்தல் பொருந்தும். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது அது. அம்பு எய்யுமுன், பசுக்கள், பார்ப்பனர், மகளிர், நோயாளர், புதல்வரில்லாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுமாறு அறிவிப்பது அங்கு அறநெறியாகப் போற்றப்படுகிறது. இதுவும் அரசனைப் புகழும் பாடலே. போர்க்களத்தின் ஆவணம் அன்று. எனினும் இரு மரபுகளும் நியாயத்தைத் தேடும் இடங்கள் வேறு. அங்கே எய்பவன் பிறருக்குக் காலம் அளிப்பதால் நியாயம் பெறுகிறான். இங்கே சுடுபவன் எதிரியின் காலத்தைப் பறிப்பதால் வெல்கிறான்; நியாயத்தையோ எதிரியின் கையசைவிலிருந்து கடனாகப் பெறுகிறான்.

முடிவுரை

யாழ்ப்பாணத்துப் பள்ளி நாள்களில் இரவல் பெற்ற சித்திரக்கதைகளில் இவ்வேகத்தை வியந்தவருள் நானும் ஒருவன். பின்னர் துப்பாக்கிகள் எங்கள் தெருக்களுக்கே வந்தன. எதிரியின் கை முதலில் அசையட்டும் என்று எவரும் அங்குக் காத்திருக்கவில்லை. ஆனால், ஒவ்வொரு கொலைக்குப் பின்னரும் முதலில் அசைந்தது மற்றவனே என்ற விளக்கம் மட்டும் தவறாமல் வந்தது. அவ்விளக்கத்தை நான் முன்பே எங்கோ கேட்டிருந்தேன்.

எனவே இக்கதைகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது என் கருத்தன்று. மக்கிவர்னின் விரல்களை வியப்பதில் குற்றமில்லை. ஜோயியின் வியப்பும் மனித இயல்பே. அவ்வியப்பினுள் ஒரு தீர்ப்பும் அறியாமல் நுழைந்துவிடுகிறது என்பதை உணர்த்துவதே திறனாய்வின் கடமை. விரைந்தவன் திறனாளன் என்று சொல்லலாம். அதனாலேயே அவன் நியாயமானவன் என்று சொல்ல இயலாது.