குளத்தின் கரை

நீச்சல் குளத்தைப் பார்ப்பவர்கள் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். என் கண் போவது அதைச் சுற்றியிருக்கும் தளத்தின் மீது.

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே ஏறிவிடும் தூரத்தில், மவுண்ட் எமிலி குன்றில்தான் சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் 1931இல் திறந்தது. பழைய நீர்த்தேக்கத்தை மாற்றி அமைத்தார்கள். 1957இல் ஃபேரர் பார்க்கிலும் ஒன்று வந்தது. இன்று கூட்டுரிமை வீடுகளிலும் தரைவீடுகளின் பின்கட்டிலும் குளங்கள். மரினா பே சாண்ட்ஸின் 57வது மாடியில்கூட ஒன்று, 150 மீட்டர் நீளத்தில்.

இப்படிப்பட்ட குளங்களின் கரையில் பலகை பதிப்பது தனிக் கலை. மலாயக் காடுகளின் ‘செங்கல்’ (chengal) என்னும் மரம் கறையானுக்கும் மழைக்கும் அசராது; வெயில் பட்டு வெள்ளிச் சாம்பல் நிறம் கொள்ளும். பலகைகளுக்கிடையே விடும் சிறு இடைவெளியில்தான் கைவண்ணம் இருக்கிறது: தண்ணீர் வடியவும், ஈரத்தில் மரம் உப்பவும் அது வேண்டும். தளத்தின் சரிவு குளத்துக்கு எதிர்ப்புறமாக இருந்தால்தான் அழுக்கு நீர் உள்ளே போகாது. குளோரின் அரிக்காமலிருக்கத் தரமான துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி; அதன் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், வெறுங்கால் நடக்கும் இடமல்லவா!

கோயில் குளத்துக்குப் படித்துறை எப்படியோ, நீச்சல் குளத்துக்குத் தளம் அப்படி. வீட்டில் குளம் கட்டுகிறவர்கள் ஆழத்தை முடிவு செய்யும் நாளிலேயே கரையையும் திட்டமிடுங்கள். குளத்தில் இருக்கும் நேரத்தைவிடக் கரையில் உட்காரும் நேரமே அதிகம்.