பாபிலோனியரின் கயிறும் கணக்கும்

நாற்கர வயலின் பரப்பைக் காண மெசபொட்டேமிய நில அளவையாளர்களிடம் ஒரு சுருக்கு வழி இருந்தது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். கிடைக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும். செவ்வகத்துக்கு அப்பழுக்கில்லாத கணக்கு. வயல் சாய்ந்திருந்தால் விடை வீங்கிவிடும். பக்கத்துக்கு 10 நிந்தன் (ஒரு நிந்தன் சுமார் 6 மீட்டர்) நீளமுள்ள சாய்சதுர வயலின் குத்துயரம் 6 நிந்தன் என்றால் உண்மைப் பரப்பு 60 சதுர நிந்தன். சுருக்கு வழியோ 100 என்கிறது.

இந்தப் பிழையில் கவனிக்க வேண்டியது அதன் திசை. பரப்பு கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. பரப்பை வைத்து விளைச்சலில் பங்கு கேட்கும் கோயிலுக்கும் அரண்மனைக்கும் அதில் நட்டமில்லை; சுமை உழுதவன் தலையில். அதற்காக இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. வரப்புகள் ஏறக்குறையச் செங்கோணத்தில் சந்தித்தால் பிழை அற்பம்: இணைகர வயல் 10 பாகை சாய்ந்தால்கூட நூற்றுக்கு இரண்டை எட்டாது. கோணல் நிலங்களை நடுவே ஒரு பெரிய துண்டாகவும், விளிம்பில் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய சிறு துண்டுகளாகவும் பிரித்த நிலப்படங்கள் கி.மு. 21ஆம் நூற்றாண்டை ஒட்டியே கிடைக்கின்றன. சுருக்கு வழி எங்கே காலை வாரும் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிப் பிரித்திருக்க முடியும்.

ஆக, எல்லாம் செங்கோணத்தைப் பொறுத்தது. அதை வயலில் எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கு இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் எஸ்ஐ 427 என்ற களிமண் பலகை சான்று. 1894இல் சிப்பார் நகர இடிபாடுகளில் கிடைத்தது, கி.மு. 1900க்கும் 1600க்கும் இடைப்பட்டது. விற்பனைக்குப் பிரிக்கப்பட்ட நிலம், அதிலுள்ள சதுப்பு, கதிரடிக்கும் களம், அருகே ஒரு கோபுரம் எல்லாம் அதில் உண்டு. 2021இல் இதை ஆராய்ந்த கணிதவியலாளர் டேனியல் மான்ஸ்ஃபீல்டு, எல்லைக்கோடுகள் 5-12-13, 8-15-17 என்ற முக்கோணப் பக்க அளவுகளில் செங்கோணமாக நிறுத்தப்பட்டிருப்பதைக் காட்டினார். நம்மூர்க் கொத்தனார் கடைக்கால் போடும்போது 3, 4, 5 அடி பிடித்து மூலைமட்டம் பார்ப்பதும் இதே கணக்குதான். பித்தாகரசுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இது கயிற்றில் புழங்கியது.

இங்கேதான் இந்த மரபின் குறையும் நிற்கிறது. அந்த அளவுகளில் செங்கோணம் ஏன் வருகிறது என்ற நிறுவல் பலகைகளில் இல்லை. செய்முறை இருக்கிறது, விடை இருக்கிறது. சில இடங்களில் சரிபார்ப்பும் இருக்கிறது. வயலுக்கு அது போதும்.

மான்ஸ்ஃபீல்டு ஒரு படி மேலே போகிறார். செங்கோண முக்கோணங்களை 15 வரிசைகளில் அடுக்கும் பிளிம்ப்டன் 322 பலகையையும் நில அளவையோடு இணைக்கிறார். கணித வரலாற்றாசிரியர் எலினார் ராப்சன் 2001லேயே அதை ஆசிரியர் கணக்குத் தயாரிக்க வைத்திருந்த பட்டியலாக வாசித்தார். எனக்கு ராப்சன் பக்கமே நியாயம் படுகிறது. அதன் நான்காம் வரிசையில் 12709, 18541 என்ற எண்கள் வருகின்றன. நீரில் நனைந்தால் சுருங்கி, இழுத்தால் நீளும் கயிற்றைக் கொண்டு அந்த விகிதத்தை எந்த வயலிலும் பிடிக்க முடியாது.