படம் எப்படியாம்?

2025 மே 1ஆம் தேதி சூர்யாவின் ‘ரெட்ரோ’வும் சசிகுமார், சிம்ரன் நடித்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் ஒன்றாக வெளியாயின. தமிழ்நாட்டில் பள்ளிக்கூட லீவு, அரசு விடுமுறை, போதாக்குறைக்கு அஜித் பிறந்தநாள். கோடைப் படத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அது தொழிற்சங்கக்காரர்கள் கொடி பிடிக்கும் நாள். கூட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் பொடியன்கள் இரண்டு படத்தையும் அலசிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன்கூட எதையும் பார்த்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் படம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பதுளை இருக்கும் எங்கள் ஊவாவில் தீர்ப்பு முந்திக்கொண்டு வருகிறது, படம் ஆறுதலாக வந்து சேர்கிறது.

தமிழ்நாட்டு அவசரத்துக்குப் பின்னால் இருப்பது பணம். தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்கும் யூடியூப்காரருக்கு இடைவேளையிலேயே பதில் வேண்டும்: ஓடுமா, ஓடாதா? 2023 ஜனவரியில் ‘வாரிசு’, ‘துணிவு’ வெளியான விடியற்காலைக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஒரு ரசிகரின் உயிர் போனது. அதன்பிறகு அங்கே நாலு மணிக் காட்சி நின்று, ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி என்றானது. என்ன பயன்? கேரளத்தில் இருட்டோடு பார்த்தவர்களின் கருத்து வாளையாரைத் தாண்டி, கோயம்புத்தூர்க்காரர் பல் துலக்கும்போதே அவர் போனுக்கு வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ விழுந்தபோது, தியேட்டர் வளாகத்துக்குள் மைக்கை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். உடனடித் தடை கிடைக்கவில்லை. ஆனந்த விகடன் என்ன மார்க் போடுகிறது பார்ப்போம் என்று ஒரு காலத்தில் காத்திருந்த ஊர்தான் அது. ‘16 வயதினிலே’வுக்கு 62.5 என்று இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அங்கே உண்டு.

இங்கே கணக்கு வேறு. பதுளையிலிருந்து கொழும்புக்குக் கோச்சியில் 290 கிலோமீட்டர் சொச்சம், பத்து மணி நேரம். 2025 மே மாதத்தில் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய். குடும்பத்தோடு போய் முதல் நாள் படம் பார்ப்பது நடக்கிற காரியமா? தெஹிவளை கொன்கோர்டிலோ வெள்ளவத்தை சவோயிலோ பார்ப்பவர்கள், கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் நம் பொடியன்கள்தான். அவர்கள் லீவுக்கு வரும்போது படமும் வாய்வழியாக வீடு வரும். மறுநாள் அது அக்காமார் வாய்க்கு மாறி மலையேறிவிடும்.

கொழுந்து மலையில் அடுத்தடுத்த நிரையில் நிற்கும் ஐந்தாறு பேருக்கு ஒருத்தி படம் சொல்வதைக் கேட்க வேண்டும். கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும். கொழுந்து நிறுக்கப் போவதற்குள் முதல் பாதி முடிந்துவிடும், மீதி சாப்பாட்டுக்குப் பிறகு. சண்டைக் காட்சியெல்லாம் ஒரு வரியில் போய்விடும். மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்கு மருமகள் முகம் எப்படிப் போனது என்பதற்கு ஒரு நிரை முழுக்கப் போகும். கதையில் ஓட்டை இருந்தால் அங்கேயே அம்பலம். “அப்ப அவ அண்ணன் எங்க போனான்?” என்று கேட்பவள் கேட்டால், இயக்குநருக்குப் பதிலாகச் சொல்பவள் முழிப்பாள். காமன் கூத்தை விடிய விடியப் பார்த்து, போன வருசத்து ரதி அளவுக்கு இந்த வருசத்து ரதி அழவில்லை என்று குறை சொல்லிப் பழகிய கூட்டம் இது. மைக்கில் பேசும் எந்த விமர்சகரையும்விட இவர்கள் காதை நான் நம்புவேன்.

பார்க்காத படத்தைப் பேசும் இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1972இல் இலங்கையில் திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கி, இறக்குமதி அதன் கைக்குப் போனபின், தமிழ்நாட்டில் ஓடி ஓய்ந்த படம் இங்கே வரப் பல காலம் ஆகும். பாட்டும் வசனமும் இலங்கை வானொலியில் முன்கூட்டியே வந்துவிடும். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலில் விளம்பரத்தைக் கேட்டாலே பாதிப் படம் பார்த்த மாதிரி. பிறகு வந்தது வீடியோ டெக். கோயில் திருவிழாவுக்கு டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய மூன்று படம். மூன்றாவது படத்துக்கு முழித்திருந்தவன் எப்படிச் சொன்னானோ அதுதான் தோட்டத்துக்கே கிளைமாக்ஸ்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு வருவோம். தமிழ்நாட்டில் பெரும் பேச்சு, சின்னப் படம் பெரிய நடிகரின் படத்தை முந்திவிட்டது என்பதுதான். அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம், ராஜமௌலியே பாராட்டினார் என்றெல்லாம் கொண்டாடினார்கள். பொருளாதார நெருக்கடியில் இலங்கையைவிட்டுக் களவாகத் தோணியேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் தங்கள் பேச்சையே மறைத்துக்கொண்டு வாழும் குடும்பத்தின் கதை அது. அங்கே அழுதார்கள். இங்கே லயத்து இஸ்தோப்பில் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்த ஒரு பாட்டி அழவில்லை. “இவங்க ஒளிஞ்சு போறாங்க. எங்கண்ணனுக்குப் பாஸ்போட்டு குடுத்துல்ல அனுப்புனாங்க” என்றார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய அண்ணன். அதற்குப் பிறகு படத்தை யார் பார்த்தார்கள்? பேச்சு, அப்படிப் போனவர்கள் குடியேறிய கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய்விட்டது. போதாததற்கு, இந்த நாட்டில் ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கிய சனத்தில் நாங்களும் உண்டு. பேத்தி வேறு ஒன்று சொன்னாள்: “நம்ம சென்னைக்குப் போனா பேச்ச மறைக்கவே வேணாம் பாட்டி, நம்ம பேசுறது அவங்க பேசுற மாதிரித்தான் இருக்கும்.” இலங்கைத் தமிழர் என்றதும் வடக்குப் பேச்சை மட்டுமே நினைக்கும் சினிமாவைப் பற்றி, தமிழ்நாட்டில் இப்படியொரு குறிப்பை நான் கேட்டதில்லை.

சித்திரை, வைகாசியில் அங்கே வெளியான படங்கள், காய்ந்த காற்று வீசி ஊவாவின் நல்ல தேயிலை விளையும் ஆடி, ஆவணியில் லயத்துக்கு லயம் பேசப்படும். அதற்குள் தமிழ்நாடு அடுத்த படத்துக்குப் போயிருக்கும். நாங்கள் சொல்வதால் ஒரு டிக்கெட் கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை. அவசரப்படாமல் பேச முடிவது அதனால்தான்.

இப்போது போன் அதையும் கெடுக்கிறது. பசறைப் பொடியன் “செகண்ட் ஆஃப் லேக் மச்சான்” என்கிறான், யாரோ எடுத்த படத்தின் வசூல் கோடிகளுக்காக நண்பனோடு சண்டை பிடிக்கிறான். அந்தக் கோடியில் அவன் போட்ட சதம் ஒன்றுமில்லை. 1975இல் இங்கேயே வி.பி. கணேசன் தோட்டத்து வாழ்க்கையை வைத்து ‘புதிய காற்று’ எடுத்தார். அப்படி ஒரு படம் இன்றைக்கு மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ எடுக்கப்பட்டால், முதல் நாள் வசூல் என்ன என்று நானும்தான் கேட்பேன்.