ஏர் ஸ்க்ரூவில் கால் சுற்று

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் ஒன்றை மூன்றாவது கியரில், மணிக்கு 25 கிலோமீட்டரில், சந்தைக் கூட்டத்துக்குப் பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் திறந்தும் திறக்காமலும் இருக்கும். செயின் உதறாமல், எஞ்சின் இருமாமல், ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் அதே கனத்தோடு விழுந்துகொண்டே வந்தால், அந்த வண்டியை நல்ல கை ஒன்று தொட்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் 70, 80 போவதற்குப் பெரிய வித்தை வேண்டியதில்லை. சுமாராக ட்யூன் செய்த வண்டியும் போய்விடும். கூட்டத்துக்குள் ஆளோடு ஆளாக நடந்து வரும்போதுதான் மெக்கானிக்கின் காது தெரியும். பட்டறையில் ‘ஸ்லோ வைக்கிறது’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் இந்த வேலையை, மோட்டார் சைக்கிள் தொழிலின் மிக நுட்பமான கலை என்றே நான் கருதுகிறேன்.

புல்லட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த வண்டி அது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா அதைச் சென்னை திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்து, தாய்வீட்டில் உற்பத்தி நின்ற பின்னும் பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தது. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்து, மெதுவாக ஓடுவதற்கென்றே பிறந்த எஞ்சின். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் 500 வெடிப்பு, நொடிக்கு எட்டு. காதால் எண்ண முடியாத வேகம்தான். ஆனால் எட்டில் ஒன்று சோர்ந்து விழுந்தால் காது உடனே பிடித்துவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றின் பிசகை மற்ற மூன்றும் மூடி மறைக்கும். இங்கே மறைக்க ஆளில்லை.

கார்புரேட்டரின் அடிப்படை எளிது. ஹங்கேரியின் டொனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் 1893-இல் காப்புரிமை பெற்றார்கள். அன்றிலிருந்து அதன் சாரம் மாறவில்லை. குறுகலான வழியில் காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சலில் பெட்ரோல் எழும்பித் தூவலாகக் கலக்கும். ஆனால் விரைந்து போகக் காற்று வேண்டுமே. ஆக்ஸிலரேட்டரை மூடினால் ஸ்லைடு இறங்கி வழியை அடைத்துவிடும். மெயின் ஜெட்டில் பெட்ரோல் அசையாது. உறிஞ்சல் முழுவதும் ஸ்லைடுக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் போய்விடும். அங்கே சிறு துளை ஒன்று இருக்கிறது. ஸ்லோ ஜெட் வழியாக வரும் பெட்ரோல் அதில்தான் வெளிப்படும். அந்தப் பித்தளை ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெட்ரோலோடு எவ்வளவு காற்றைச் சேர்ப்பது என்பது பக்கத்தில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவின் பொறுப்பு. முறுக்கி உள்ளே விட்டால் காற்று குறைந்து கலவை கெட்டிப்படும். வெளியே எடுத்தால் மெலியும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மெதுவாக ஓடும்போது சிலிண்டருக்குள் வரும் புதுக் கலவை கொஞ்சம்தான். போன வெடிப்பின் புகையோ முழுக்க வெளியேறாமல் உள்ளேயே மிச்சம் நிற்கும். அந்தப் புகையோடு கலந்த கலவை தீப்பிடிக்கத் தயங்கும். கணக்குப்படி ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. ஐடிலிங்கில் அந்தக் கணக்கை நம்பினால் எஞ்சின் நிற்கும். பெட்ரோல் சற்றுத் தூக்கலாக, காற்று 13-ஐ ஒட்டி இருந்தால்தான் ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒழுங்காகப் பற்றும். இது பொதுவான அளவு மட்டுமே. வால்வு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்லைடு எவ்வளவு ஆடுகிறது, எந்த சைலன்சரை மாட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சொந்தக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கைக் காதால் போடுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

கைதேர்ந்தவர் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்கமாட்டார். முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது டாப்பெட் மூடியைக் கழற்றி, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜுக்கு அங்கே வேலை இல்லை, விரல்தான் அளவுகோல். அடுத்து, தீப்பொறிக்கு நேரம் குறிக்கும் பாயிண்ட்: இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், முனைகள் கருகாமல் நேராகப் பொருந்த வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் அட்வான்ஸ் எடைகளையும் அவற்றின் சின்ன ஸ்பிரிங்குகளையும் பலர் பார்ப்பதே இல்லை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐடிலிங்கிலேயே எடைகள் விரிவதும் சுருங்குவதுமாக இருக்கும்; டைமிங் அலையும், சுருதி ஏறி இறங்கும். கலவையில்தான் கோளாறு என்று நினைத்து நாள் முழுக்க ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருக்கலாம், பலன் இராது.

காற்று திருட்டு வழியில் நுழைகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பழைய ஆமல் கார்புரேட்டர்களில் நட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி, ஃப்ளாஞ்ச் வளைந்துபோய் இருக்கும். அந்த இடுக்கில் காற்று புகுந்தால் ஸ்லோ பிடிக்கவே பிடிக்காது. இணைப்பைச் சுற்றி ஒரு சொட்டு ஆயிலைத் தடவிவிட்டுக் காது கொடுப்பார்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்து, ஃப்ளாஞ்சை எட்டு வடிவில் தேய்த்துச் சமன் செய்யும் அந்தப் பொறுமையான கை அசைவு பார்க்கவே அழகு.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவை மெல்ல உட்கார வைத்து, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பார்கள். மெல்ல என்பது முக்கியம். இறுக்கி முறுக்கினால் ஸ்க்ரூவின் கூர்முனையில் வளையம்போல் தழும்பு விழும், பிறகு எந்த அளவும் சரியாக நிற்காது. ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்றே ஏற்றி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக வெளியே எடுக்க எடுக்க எஞ்சின் வேகம் ஏறும். ஓரிடத்தில் ஏற்றம் நிற்கும். அதைத் தாண்டினால் தள்ளாடும். திரும்ப உள்ளே. இந்தப் பக்கமும் தள்ளாட்டம் வரும், ஆனால் குரல் வேறு. மிருதங்கத்தின் வலந்தலையைச் சுற்றிச் சுற்றித் தட்டி எல்லாப் பக்கமும் ஒரே சுருதியில் வந்து நிற்கும் இடத்தைத் தேடுவதுபோல, இரண்டு தள்ளாட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடத்தை அவர் தேடுகிறார். கிடைத்ததும் ஐடிலிங்கைக் குறைப்பார். குறைத்ததும் கலவையின் இடம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மீண்டும் ஏர் ஸ்க்ரூ. இப்போது அரைக்கால் சுற்று. மீண்டும் ஐடிலிங். ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் ஒரே இடத்தில் சமாதானப்படுத்த வேண்டும்.

இரண்டு தள்ளாட்டங்களின் குரல் வேறுபாட்டைக் கேட்கத் தெரிவதுதான் ரசனையின் முதல் படி. கலவை கெட்டியாக இருந்தால் எஞ்சின் தொண்டை கட்டியதுபோல் முழங்கும்; நாலு அடி நன்றாக விழும், ஐந்தாவது மந்தமாக விழும். ஒருமுறை முறுக்கி விட்டால் வேகம் இறங்கும்போது ஐடிலிங்குக்கும் கீழே போய்த் திணறி, பிறகு மேலே வரும். பிளக்கைக் கழற்றினால் மைக் கருப்பு. கலவை மெலிந்திருந்தால் சத்தம் கூர்மையாக, வறட்சியாக இருக்கும். முறுக்கி விட்டால் வேகம் இறங்க மனமில்லாமல் மேலேயே தங்கும். “அண்ணே, ஏறி நிக்குதுண்ணே” என்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன் சொல்வது இதைத்தான். சரிவில் ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். அந்தப் பையனுக்கு இதை யாரும் பாடமாக நடத்தியிருக்கமாட்டார்கள். வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தே வந்த ஞானம் அது.

பழைய புல்லட்டில் கண்ணுக்கும் ஒரு விருந்து உண்டு. ஹெட்லைட்டுக்கு மேலே பதித்திருக்கும் ஆம்மீட்டர். பாயிண்ட் மூடும்போது காயிலுக்கு மின்சாரம் போகும், திறக்கும்போது நிற்கும். எஞ்சின் நிதானமாக ஓடினால் அந்த முள் ஒவ்வொரு முறையும் சன்னமாகத் துடிக்கும். ஸ்லோ சரியாக அமைந்த வண்டியில் முள்ளின் துடிப்பும் சைலன்சரின் அடியும் ஒன்றாகச் சேர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இலக்கணமே வேறு. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-இன் 98 சிசி எஞ்சின் ஐடிலிங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்காது. புகை மிச்சம் அதில் இன்னும் அதிகம் என்பதால் சில சுற்றுகளைத் தாண்டித் தாண்டித்தான் பற்றும். அந்தத் தாறுமாறான சலசலப்பே அதன் இயல்பான குரல். அதைப் புல்லட்போல் சீராக்க முயல்பவருக்கு அந்த வண்டி புரியவில்லை என்பேன். ஆர்எக்ஸில் கேட்க வேண்டியது வேறு: ஐடிலிங்கிலிருந்து கைப்பிடியைக் கால்வாசி திறக்கும்போது இடையில் ஒரு குழி விழக் கூடாது. ஸ்லோ ஜெட்டின் ஆட்சி முடிந்து ஸ்லைடின் வெட்டும் நீடிலும் பொறுப்பேற்கும் இடம் அது. அங்கே தடங்கலின்றி ஏறினால் வண்டி சரியாக இருக்கிறது.

மலையேறினால் எல்லாக் கணக்கும் கலையும். மேட்டுப்பாளையத்தில் பிசிறில்லாமல் நின்ற ஸ்லோ, 2200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் அடைக்கும். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜெட் அதே ஜெட், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது, கலவை கெட்டிப்பட்டுவிடும். குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் திரும்பும்போதே நல்ல காதுக்கு இது தெரிய ஆரம்பிக்கும். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்தால் வண்டி மூச்சு விடும். இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். மைலேஜுக்காகக் கலவையை மெலியவைக்கும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடக் கொடுக்கிறேன் என்று சொல்லி ஏர் ஸ்க்ரூவைத் திறந்து, நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி விடுவார்கள். எஞ்சின் சூடாகும், ஏற்றத்தில் இழுவை போகும், ஸ்லோவில் உதறும். இழுவை இல்லாத வண்டியை ஓட்டுபவர் கூடுதலாக முறுக்குவார். மிச்சமான பெட்ரோல் அங்கே போய்விடும். சரியான கலவையே நியாயமான மைலேஜைக் கொடுக்கும். அதற்கு மேல் பிடுங்குவது எஞ்சினின் ஆயுளிலிருந்துதான்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு மோகம் உண்டு. புல்லட்டின் அடியை ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்கு ஐடிலிங்கை இறக்கி வைப்பது. கேட்க இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயில் பம்ப்பை ஓட்டுவதும் அதே எஞ்சின்தான். அது தூங்கி வழிந்தால் பிக் எண்டுக்கும் ராக்கருக்கும் போகும் ஆயிலும் குறையும். தேறிய மெக்கானிக் வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு எல்லைக்குக் கீழே இறக்கமாட்டார். அந்த மறுப்பையும் கலையின் பகுதியாகவே பார்க்கிறேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை மாசு விதிகள் வந்தபோது புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் அநேகமாக விடைபெற்றது. இன்ஜெக்டரும் சென்சாரும் மலை, வெயில், மழை எல்லாவற்றையும் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்கின்றன. நல்லதுதான். ஆனால் சாலையில் ஓடும் பழைய வண்டிகள் இன்னும் ஏராளம். அவற்றுக்கு இப்போது ஒரு புதுச் சோதனை வந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் 10 விழுக்காடாகி, இப்போது 20-ஐ எட்டியிருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அந்தப் பழைய 14.7, 20 விழுக்காட்டுக் கலவையில் 13.5-க்கு இறங்கிவிடுகிறது. ஜெட்டை மாற்றாத பழைய கார்புரேட்டர் தானாகவே மெலிந்த கலவையைக் கொடுக்கும். நேற்றுவரை ஒன்றரைச் சுற்றில் நின்ற வண்டி இன்று ஒன்றேகாலில், ஒன்றில் நிற்கிறது. இன்னும் உள்ளே போக வேண்டியிருந்தால் ஸ்லோ ஜெட்டையே ஓர் எண் பெரிதாக்குகிறார்கள்.

சில நாள் நிறுத்தி வைத்த வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பிசின்போல் படிந்து அந்தச் சின்னத் துளையை அடைப்பதும் உண்டு. கிளட்ச் கேபிளின் எஃகு இழையை விட்டுக் குத்திச் சுத்தம் செய்யும் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள். பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிடும்; அகன்ற துளைக்கு எந்தக் கால் சுற்றும் மருந்தாகாது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, காற்றடித்து, மறுபடியும் வெளிச்சத்தில் பார்த்து, துளை வட்டமாகத் தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டு மாட்டுபவரிடம் கொடுங்கள்.