பன்னிரண்டு யாருடைய எண்?

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி எங்கட ஆக்கள் எழுதுகிற கட்டுரைகளில் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடும்: "மார்க்கத்தில் கை வைக்கிறார்கள்." மறுதரப்பார் "பழமைவாதம்" என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தை யாராவது ஆறுதலாக எடுத்துப் படித்தார்களா என்ற ஐயம் வருகிறது.

23ஆம் பிரிவைப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையின் திருமணத்தைக் காழியின் அனுமதியில்லாமல் பதிய முடியாது என்கிறது. இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? ஷரீஆவிலிருந்து என்றுதான் இரு தரப்பும் நினைக்கிறது. ஆனால் 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்திலும் பெண்ணின் வயது பன்னிரண்டுதான். ஐரோப்பியர், பறங்கியரின் பெண்பிள்ளைக்கு மட்டும் பதினான்கு. ஆக, அது அன்றைய இலங்கையின் எண். 1995இல் நாட்டின் பொதுச் சட்டம் பதினெட்டுக்குப் போனது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நீண்ட காலம் இருக்கத் தொடங்கிய பிறகு, சட்டத்துக்கு முன்பே சமூகம் அங்கே போயிருந்தது. எங்கட வீடுகளும்தான் போயிருந்தன. எங்கட சட்டம் மட்டும் போகவில்லை.

கைக்கூலி விஷயம் இன்னும் விசித்திரமானது. மணமகளின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கிற பணம் அல்லது அசையும் சொத்து என்று அதற்கு வரைவிலக்கணமே எழுதி வைத்திருக்கிறது சட்டம். ஃபிக்ஹ் கிதாபுகளில் தேடினால் கிடைக்காத இந்தத் தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில் எழுதிய சட்டத்துக்குள் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைய ஊர் வழக்கத்தைத்தான் சட்டமாக்கினார்கள். அதில் ஒரு நன்மையும் இருந்தது: அது பெண்ணின் பணம், அவள் திரும்பக் கேட்கலாம். இன்று மிம்பரிலேயே கைக்கூலியையும் சீதனத்தையும் கண்டிக்கிறார்கள், மஹர் கொடுத்து முடிக்கச் சொல்கிறார்கள். மனம் மாறிவிட்டது. கைக்கூலி சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அதே சட்டத்தில் காவின் எழுதும்போது மாப்பிள்ளை கையொப்பமிட வேண்டும், வலீ கையொப்பமிட வேண்டும், நிக்காஹை நடத்தி வைத்தவரும் இட வேண்டும். மணமகளின் கையொப்பத்தை யாரும் கேட்பதில்லை. கைக்கூலிக்கு இடம் கண்டவர்கள் இதற்கு ஏன் காணவில்லை என்று ஒருவரும் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

இல்லை, கேட்டார்கள். 1980களிலிருந்தே எங்கட பெண்கள் அமைப்பாகச் சேர்ந்து, காழி நீதிமன்ற வாசலில் நின்ற பெண்களின் கதைகளைத் திரட்டினார்கள். கணவன் தலாக்குக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, மனைவி ஃபஸஹ் கேட்டால் சாட்சி கொண்டுவர வேண்டும் என்ற வேறுபாட்டை அந்த அனுபவங்களிலிருந்தே பேசினார்கள். "பெண்ணுக்கு அடிச்சது அடுப்படிக்குள்ள, சாட்சிக்கு யாரைக் கூப்பிடுறது?" என்ற கேள்விக்கு எந்தக் கட்டுரையாளரும் இதுவரை மறுமொழி எழுதவில்லை.

2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு, அறிக்கையைக் கையளித்தது 2018 ஜனவரியில்தான். அதிலும் இரண்டு அணிகள். பெண் காழி வேண்டும் என்பது ஒன்று, வேண்டாம் என்பது மற்றது. ஆனால் பன்னிரண்டை அப்படியே வைத்திருப்போம் என்று எந்த அணியும் சொல்லவில்லை. பத்திரிகைச் சண்டையில் இது மறைந்துபோனது.

பிறகு 2019 ஏப்ரல் வந்தது. அதன் பின் இந்தச் சட்டத்தைப் பற்றி அதிகம் பேசியவர்கள் எங்கட பிள்ளைகளில் அக்கறை உள்ளவர்களல்லர். 2020இல் ஜனாஸாக்களை எரித்த அதே மனநிலைதான் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று கோஷம் போட்டது. அதற்கு ஒரு செயலணியும் அமைத்து ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள். இதனால் உள்ளே இருந்து நாற்பது வருடமாய்க் கேட்ட பெண்ணின் குரலும் வெளியே இருந்து வந்த வெறுப்பும் ஒன்றென்று எங்கட எழுத்தாளர்கள் தீர்மானித்துவிட்டார்கள். பயத்தில் செய்த தீர்மானம் அது, அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தப் பெண் கோஷத்துக்கு மிக முந்தியவள். அவள் மனுவில் கேட்டிருந்தவை காழியின் முன் சமமான விசாரணையும் காவினில் தன் கையொப்பமும்தான். காழி நீதிமன்றத்தை மூடச் சொல்லி அவள் கேட்கவில்லை.